வீட்டு ஆட்டில் பால் கறக்க எந்தச் சாமான் வாங்கலாம், எதை விடலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளவில் ஒன்றிலிருந்து நாலு கறவை ஆடு வரை வைத்திருப்பவர்களுக்குப் பால் கறக்கும் மெசின் தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல சில்வர் சட்டி ஒன்று, இறுக்கமான மூடியுள்ள தூக்குச்சட்டி ஒன்று, ஆடு ஏறி நிற்க ஒரு மேடை, காம்பு முக்கும் மருந்து ஒரு போத்தல், ஒரு வடி, இவ்வளவையும் வாங்கிவிட்டு மிச்சத்துக்குப் புண்ணாக்கும் வாங்கலாம். இதில் எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வீட்டில் இருப்பதே போதும், எதைத் தொடவே கூடாது என்று நான் பாவித்துப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். திருகோணமலையில் கிடைப்பதை வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர் போடும் பட்டியல்களில் உள்ள பாதிச் சாமான் இங்கே கடையில் இல்லை, இருக்கிற சாமானும் எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் நின்று பிடிப்பதில்லை.

பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2021, 2022 காலத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆட்டுப்பால் கறப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். முன்பும் வீட்டுக்கு வீடு ஆடு இருந்தது, ஆனால் இறைச்சிக்கும் குர்பானுக்கும் நேர்த்திக்கும்தான். பால் குட்டிக்கு; வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் ஒரு கிளாஸ் கறப்பார்கள், அவ்வளவுதான். இப்போது உப்புவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா என்று தெரிந்தவர்கள் பலர், மாட்டுக்கு வாங்குகிற சாமானையே ஆட்டுக்கும் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்க வேண்டாம். மாட்டுக்கு நாலு காம்பு, ஆட்டுக்கு இரண்டு. ஆட்டின் மடி நிலத்துக்குக் கிட்டத் தொங்கும், நாட்டு ஆடென்றால் கேட்கவே வேண்டாம். மாட்டுக்கு வைக்கிற பெரிய வாளி ஆட்டு வயிற்றுக்குக் கீழே போகவே போகாது, சாய்த்து வைத்துக் கறந்தால் முதல் உதையிலேயே பால் மண்ணுக்குப் போய்விடும். பாலின் அளவும் அப்படித்தான். நல்ல குழையும் தவிடும் கிடைத்த ஜமுனாபாரி இனக் கலப்பு ஆடு ஒரு நாளைக்கு ஒரு லீட்டர் கிட்டத் தரும், நாட்டு ஆடு அதில் பாதி தந்தாலே நல்லது. இந்த அளவுக்குத்தான் சாமான் பார்க்க வேண்டும்.

சட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பால் முதலில் தொடுவது அதைத்தான், பலரும் அசட்டையாக வாங்குவதும் அதைத்தான். உயரம் ஆறேழு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வாய் அகலமாக இருக்க வேண்டும், அடி தட்டையாகவும் கொஞ்சம் பாரமாகவும் இருக்க வேண்டும், இரண்டு மூன்று லீட்டர் கொள்ளளவு தாராளம். கடையில் கையில் எடுத்தவுடன் நான் பார்ப்பது விளிம்பைத்தான். பல சட்டிகளில் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துச் சுருட்டியிருப்பார்கள். அந்தச் சுருளுக்கு அடியில் நகத்தை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் பாலும் போகும், தேய்க்கிற நார் போகாது. புதுசில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாள் பாவித்த பிறகு அந்த இடத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் புளித்த மணம் வரும், சட்டி கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டே இருக்கும். காலையில் கறந்த பால் மத்தியானம் காய்ச்சும்போது திரைகிறது என்று முறைப்பாடு சொல்பவர்கள் முதலில் இந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். கைப்பிடியும் அப்படித்தான். ஆணி அடித்து இறுக்கிய கைப்பிடி உள்ள சட்டியில் உள்பக்கம் ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றிப் பால் படியும். வெல்டிங் செய்து ஒட்டிய கைப்பிடி, அல்லது கைப்பிடியே இல்லாத சட்டி நல்லது.

அடுத்தது உலோகம். கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து வைத்து, "ஒட்டவில்லை பாருங்கள், இது அசல்" என்பார். சில்வரின் தரத்தை 430, 201, 304 என்று எண்ணால் சொல்வார்கள். காந்தம் ஒட்டினால் அது 430 போன்ற மலிவு வகை என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒட்டாவிட்டால் நல்லது என்று முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் 201 வகையிலும் காந்தம் ஒட்டாது, 304 வகையிலும் ஒட்டாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்களுக்கு முக்கியம். 201 வகையில் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். கடலுக்குத் தூரமான ஊர்களில் அது நாள்பட இருக்கும். நிலாவெளி, உப்புவெளி மாதிரிக் கடற்கரை ஓரத்தில், அதுவும் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வளவில், அதில் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னத் துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளிக்குள் அழுக்கு நிற்கும். அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்தப் பட்டியலில் காசு கூடக் கொடுத்து வாங்கச் சொல்லும் சாமான்களில் இது முதலாவது. சில நல்ல 304 சட்டிகளிலும் வளைத்து அடித்த மூலையில் காந்தம் இலேசாக இழுக்கும், அதைப் பார்த்துப் பயந்து வைத்துவிட்டு வர வேண்டாம்.

அலுமினியம் மலிவு, எங்கும் கிடைக்கும், அம்மம்மா காலத்தில் அதில்தான் கறந்தார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மென்மையான உலோகம், நார் போட்டுத் தேய்க்கக் கீறல் விழும், புளிப்புப் பட்டால் அரிக்கும், ப்ளீச் பட்டால் கறுக்கும். பிளாஸ்டிக் அதைவிட மோசம். பெயின்ட் வந்த வாளி, ஐஸ்கிரீம் வந்த டப்பா என்று வீட்டில் கிடப்பதில் கறப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கீறலுக்குள் கிருமி நிற்கும், எவ்வளவு கழுவினாலும் முன்பு இருந்ததன் மணம் பாலுக்கு ஏறும். ஆட்டுப்பால் மணத்தை இழுக்கிற பால். கிடாய் பக்கத்தில் நின்றாலே பாலில் அந்த வீச்சம் வரும், கொட்டிலில் நுளம்புக்கு வேப்பிலைப் புகை போட்டுக்கொண்டே கறந்தால் பால் புகை மணக்கும். புகை போடுவதென்றால் கறக்க முன்பே போட்டு, அடங்கிய பிறகு சட்டியைக் கொண்டுபோங்கள்.

பாதி வாய் மூடிய கறவை வாளி என்று வெளிநாட்டில் ஒன்று விற்கிறார்கள். தலைப்பக்கம் வளைந்த மூடி, முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும், மயிரும் தூசும் விழாது. நல்ல சாமான்தான், ஆனால் இங்கே கடைகளில் நான் காணவில்லை, வரவழைக்கிற செலவுக்கு ஏற்ற பலனும் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மண்ணும் சருகும் பறக்கும் என்பதால் மூடி தேவை என்பதை மறுக்கவில்லை. நான் செய்வது இதுதான்: கையில் ஒரு சின்னச் சில்வர் சட்டி, எட்டிய தூரத்தில் மூடி போட்ட தூக்குச்சட்டி. சின்னதில் கறந்து, ஒரு கிளாஸ் அளவு சேர்ந்ததும் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடிவிடுவேன். ஆடு உதைத்தாலும், சட்டிக்குள் காலை வைத்தாலும் (வைக்கும், புதுசாகக் குட்டி போட்ட ஆடு கட்டாயம் வைக்கும்) போவது அந்த ஒரு கிளாஸ் பால்தான், முழுவதும் போகாது. இந்த ஒரு பழக்கம் பாதி வாய் மூடிய வாளியைவிட எனக்குப் பால் மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி மேடை. வாங்கவோ செய்யவோ ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், சட்டியைக்கூட வீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு, மேடையைச் செய்யுங்கள் என்பேன். குந்தியிருந்து, ஒரு கையால் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து, மறு கையால் கறப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். முதுகு போய்விடும், ஆடும் பயப்படும், ஒரு கையால் கறந்தால் மடி முழுதாக வெறுமையாகாது, மிச்சம் நின்றால் அடுத்த நாள் பால் குறையும். மேடையில் ஆடு தானாக ஏறும், ஏனென்றால் தீனி அங்கேதான் இருக்கிறது. தலையை விட்டு இரண்டு சட்டத்துக்கு நடுவில் நிற்கும், நீங்கள் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு இருந்துகொண்டு இரண்டு கையாலும் கறக்கலாம்.

இது கடையில் வாங்கும் சாமான் இல்லை, ஓடாவியாரிடம் சொல்லிச் செய்விக்க வேண்டும். மரக்காலையில் கழிவாகக் கிடக்கும் துண்டுப் பலகையே போதும். நாலு அடி நீளம், இருபது அங்குல அகலம், நிலத்திலிருந்து பதினைந்து முதல் பதினெட்டு அங்குல உயரம். நாட்டு ஆட்டுக்கு உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், மடி கைக்கு வர வேண்டும். முன்பக்கம் தலை போகிற சட்டம்: ஒரு சட்டம் நிலையாக நிற்கும், மற்றது அடியில் ஓர் ஆணியில் அசையும், ஆடு தலையை விட்டதும் மேலே ஒரு கொளுக்கியால் பூட்டிவிடலாம். பூட்டிய நிலையில் இடைவெளி நாலு அங்குலம் கிட்ட, கழுத்து இறுகாமல், தலை வெளியே வராமல்.

எனக்கு மேடை செய்து தந்த ஓடாவியார் அளவைக் கேட்டுவிட்டுச் சட்டத்தை அறுக்கவில்லை. "பிள்ளை, இது உங்கட ஆட்டுக்குச் சரிவராது, காதைப் பார்த்தனீங்களா" என்றார். ஜமுனாபாரியின் காது ஒரு சாணுக்கு மேல் தொங்கும். சட்டத்தைப் பூட்டும்போது காது நடுவில் அகப்பட்டால் ஆடு கத்திக்கொண்டு பின்னால் இழுக்கும், பிறகு மேடையைக் கண்டாலே ஓடும். அவர் ஆட்டைக் கொண்டுவரச் சொல்லி, சட்டத்தின் உள்விளிம்பை உருட்டி இழைத்து, மேல்பக்கத்தை அகலமாகவும் கழுத்து நிற்கும் இடத்தை ஒடுக்கமாகவும் வைத்துத் தந்தார். கொம்புள்ள ஆட்டுக்கும் மேல்பக்கம் அகலம் தேவை. இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் குட்டைக் காதும் கொம்பு சுட்ட தலையும் உள்ள ஆடுகளுக்குப் போட்டவை, அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து அறுப்பிக்க வேண்டாம்.

மேடைத் தட்டில் பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி விட்டால் மூத்திரம் வடிந்துவிடும், அதைவிடக் கூடினால் குளம்பு மாட்டும். மாரியில் நனைந்த பலகை வழுக்கும், மேலே ஒரு பழைய றப்பர் விரிப்புப் போட்டு ஆணி அடியுங்கள். சாக்கு விரிக்காதீர்கள், ஈரம் பிடித்து நாறும். இரும்பில் வெல்டிங் செய்த மேடையும் செய்து தருகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கிற வேலை கூடவே வரும், வெயில் ஏறினால் ஆடு அதில் கால் வைக்காது. எனக்கு மரம்தான்.

கறக்க முன் முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனியாக ஒரு கறுப்புக் கோப்பையில் பிடித்துப் பார்க்க வேண்டும். கட்டி, நூல், தண்ணீர்ப் பால், இரத்தம் எதுவும் இருந்தால் கறுப்பில்தான் தெரியும், சில்வரில் தெரியாது. இதற்கென்று வலை போட்ட கோப்பை விற்கிறார்கள். வாங்கத் தேவையில்லை, உள்பக்கம் கறுப்பான, வழுவழுப்பான எந்தக் கோப்பையும் போதும். சிரட்டை கறுப்பாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சிரட்டையைச் சரியாகக் கழுவ முடியாது, வேண்டாம். அந்தப் பாலை நிலத்திலும் ஊற்றாதீர்கள், ஆடு படுக்கிற இடத்தில் ஊற்றினால் மடிவீக்கக் கிருமியை நீங்களே பாய் விரித்துக் கூப்பிடுகிறீர்கள்.

மடிவீக்கத்தைச் சோதிக்க ஊதா நிறத் திரவமும் நாலு குழித் தட்டும் உள்ள ஒரு சோதனைப் பெட்டி இருக்கிறது, கலிபோர்னியா சோதனை என்பார்கள். திரவத்தைப் பாலோடு கலந்தால், மடிவீக்கம் உள்ள பால் தடிக்கும். கால்நடை மருந்து விற்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். அந்தத் தடிப்பு பாலில் உள்ள உடற்கலங்களால் வருவது, ஆட்டுப்பாலில் இயல்பாகவே அவை கூட இருக்கும் என்பதால் நோயில்லாத ஆட்டிலும் அது கொஞ்சம் தடிப்புக் காட்டும். மாட்டுக்குப் போட்ட அட்டவணையைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இரண்டு காம்புப் பாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றதைவிடத் தடிக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆட்டுக்குச் சரியான முறை. ஓரிரண்டு ஆட்டுக்கு இந்தப் பெட்டி கட்டாயம் இல்லை, கறுப்புக் கோப்பையும் கையும் போதும். மடி ஒரு பக்கம் சூடாக, கல்லாக இருந்தால் சோதனையே வேண்டாம், மிருக வைத்தியரிடம் போங்கள்.

காம்பு முக்கும் மருந்துக்கு வருகிறேன். கறந்து முடிந்ததும் காம்பின் துவாரம் உடனே மூடாது, கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் ஆடு மண்ணில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். அதற்குத்தான் அயடின் மருந்து. காம்புக்கென்றே செய்து வருவதில் அயடின் அரை வீதம் முதல் ஒரு வீதம் வரை இருக்கும், கூடவே கிளிசரின் சேர்த்திருப்பார்கள். நான் வாங்கச் சொல்வது அதைத்தான். பாமசியில் காயத்துக்கு விற்கும் 10 வீதப் பொவிடோன் அயடினிலும் உண்மையில் வேலை செய்யும் அயடின் ஒரு வீதம்தான், அவசரத்துக்கு அது உதவும். ஆனால் தோலை மென்மையாக்கும் எதுவும் அதில் இல்லாததால் கச்சான் காலத்தில் காம்பு காய்ந்து வெடிக்கும். வெடித்த காம்பில் கறந்தால் ஆடு ஏன் நிற்கும்? போத்தலை வாங்கும்போது திகதியைப் பாருங்கள், கடையில் வெயில் படுகிற தட்டில் வைத்திருந்தால் வேறு கடை பாருங்கள். ஒவ்வொரு முறையும் சின்னக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, முக்கி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், திரும்பப் போத்தலில் ஊற்றக் கூடாது. கறந்தவுடன் ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டால் அரை மணித்தியாலம் நின்று தின்னும், படுக்காது.

கறக்க முன் மடியைத் துடைக்கத் துணி. ஓர் ஆட்டுக்கு ஒரு துணி, அவ்வளவுதான் சட்டம். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவி ஈரத்தோடு கறந்தால் அழுக்குத் தண்ணீர் காம்பு வழியாகச் சட்டிக்குள்தான் வடியும், ஆகவே பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். இந்தத் துடைப்புக்கு இன்னொரு பலன் இருக்கிறது, ஒரு நிமிடம் கிட்ட மடியைத் தொட்டுத் துடைக்கும்போது ஆடு பாலை இறக்கிவிடும். மடியைச் சுற்றி நீட்டு மயிர் இருந்தால் கத்தரித்துவிடுங்கள்.

வடியைப் பற்றிச் சுருக்கமாக. தேத்தண்ணி வடி போதாது, கண் பெரிது. நாலாக மடித்த மெல்லிய வெள்ளைத் துணி நல்ல வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு நாளும் அவித்துக் காயவைக்க வேண்டும். பால் வடிக்கும் கடதாசி வட்டங்கள் கிடைத்தால் அதுதான் சிறப்பு, ஒருமுறை பாவித்து எறிந்துவிடலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், வடித்தால் மயிரும் தூசும் போகும், கிருமி போகாது. சட்டிக்குள் விழுந்த புழுக்கை வடியில் தெரியாமலேயே கரைந்துவிடும். விழாமல் பார்ப்பதுதான் வேலை.

கையால் அமுக்கும் பம்பு மெசின், அதாவது போத்தல், குழாய், பிளாஸ்டிக் குமிழ், ஒரு விசைப்பிடி. இணையத்தில் மலிவாக விற்பது இதுதான், வாங்கலாமா என்று அதிகம் பேர் கேட்பதும் இதைத்தான். நானும் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிப் பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். தலை ஈற்று ஆட்டுக்குக் காம்பு சின்னதாக இருக்கும், இரண்டு விரலுக்கே பிடி கிடைக்காது. அங்கே இது உதவும். மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு, விரல் மடக்க முடியாத வயதானவர்களுக்கு இது உண்மையான உபகாரம். பால் நேரே போத்தலுக்குள் போவதால் தூசு இல்லை.

இனிக் குறை. கன்று குடிக்கும்போதும் குட்டி குடிக்கும்போதும் உறிஞ்சும், விடும், உறிஞ்சும், விடும். அந்த விடுகிற நேரத்தில்தான் காம்பில் இரத்தம் திரும்ப ஓடும். கைப்பம்பில் இழுத்த இழுவை அப்படியே நிற்கும், விடுவதில்லை. நாலைந்து நிமிடம் அப்படி நின்றால் காம்பு நுனி சிவந்து வீங்கும், துவாரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தடிக்கும், அந்த இடத்தால்தான் பிறகு மடிவீக்கம் வரும். கழற்றியவுடன் காம்பு நுனியைப் பாருங்கள், நீலமாகவோ தட்டையாகவோ இருந்தால் இழுவை கூடிப்போய்விட்டது. பால் ஓடத் தொடங்கியதும் பம்பு அடிப்பதை நிறுத்த வேண்டும், ஓட்டம் குறைந்ததும் காற்றை விட்டுக் கழற்ற வேண்டும், கடைசி மிச்சத்தைக் கையால் எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்கிறபோது கையாலேயே கறந்து முடித்திருக்கலாம். நான் வாங்கியதில் உள்ளே இருந்த றப்பர் வளையம் எங்கள் வெயிலுக்குச் சீக்கிரமே வெடித்து இழுவை நிற்காமல் போனது. மாற்று வளையம் கேட்டால் விற்றவரிடமிருந்து பதில் இல்லை. வாங்குவதென்றால் மாற்று வளையமும் குழாயும் தனியாகக் கிடைக்கிற வகையாக வாங்குங்கள், இழுவை காட்டும் மானி இல்லாததை வாங்கவே வேண்டாம்.

கரண்ட் மெசின். ஆட்டுக்கென்று சரியாகச் செய்த மெசினில் ஒவ்வொரு காம்புக் குழலிலும் இரண்டு அறை இருக்கும், வெளியே கெட்டிக் குழல், உள்ளே மெல்லிய றப்பர். இரண்டுக்கும் நடுவில் காற்று மாறி மாறிப் போய் அந்த றப்பர் காம்பை அமுக்கி விடும், அதைத்தான் துடிப்பு என்பது. ஆட்டுக்கு நிமிடத்துக்கு 90 துடிப்புக் கிட்டவும், இழுவை 36 முதல் 40 கிலோபாஸ்கல் (இழுவையை அளக்கும் அலகு) அளவிலும் வைப்பது வழக்கம். மாட்டுக்குத் துடிப்பு 60 கிட்ட, இழுவையும் கூட. மாட்டு மெசினுக்கு இரண்டு குழலை அடைத்துவிட்டு ஆட்டுக்கும் போடலாம் என்று விற்பவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்ற முடியாதென்றால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. மலிவு மெசின் சிலவற்றில் துடிப்பு என்று எழுதியிருக்கும், ஆனால் காம்புக் குழலில் உள் றப்பரே இருக்காது, மோட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட விடுவதைத்தான் துடிப்பு என்கிறார்கள். படத்தில் ஒவ்வொரு காம்புக் குழலுக்கும் இரண்டு குழாய் போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் போகிறதென்றால் அது வெறும் உறிஞ்சி.

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பத்துக்கு மேல் கறவை ஆடு, நல்ல மெசின், அவருக்கு அது நியாயம். நான் நின்று பார்த்தேன். கறவை சீக்கிரம் முடிகிறது. கழுவுவதுதான் வேலை: குழாய், றப்பர், மூடி, வளையம் எல்லாவற்றையும் கழற்றி, தூரிகை விட்டு, சுடுதண்ணீர் ஓடவிட்டு, தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். எங்கள் ஈரக்காற்றில் குழாயின் உள்பக்கம் காய்வது கஷ்டம், ஒருநாள் சோம்பேறித்தனம் பட்டால் கறுப்புப் பூஞ்சணம். இரண்டு ஆட்டுக்கு இந்தக் கழுவல் கட்டாது. கரண்ட் இல்லாத நாளை யோசியுங்கள், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய நாட்டில் இருக்கிறோம். கையால் கறக்கத் தெரியாமல் மெசினை மட்டும் நம்பினால் அன்றைக்கு ஆட்டுக்குத்தான் வேதனை. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் காம்பின் மேல்பக்கத்தை மூடி, பால் திரும்ப மடிக்குள் போகாமல் தடுத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே மடக்குங்கள். இழுக்காதீர்கள். பெருவிரலை மடித்து அதன் கணுவால் உருவுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு, அது காம்பின் உள்தோலைப் புண்ணாக்கும்.

கழுவுகிற முறை சாமானைப் போலவே முக்கியம். முதல் தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, கொதிதண்ணீர் பட்டால் பால் புரதம் உலோகத்தில் ஒட்டிப் பிடிக்கும். இளஞ்சூட்டிலோ பச்சைத்தண்ணீரிலோ அலசி, பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரத் திரவமும் போட்டுத் தூரிகையால் தேய்த்து, அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். வெயில் எங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிற மருந்து. கம்பி நார் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் கடினமாக உள்ள இடங்களில் சட்டியில் வெள்ளையாக ஒரு படலம் பிடிக்கும், சவர்க்காரத்துக்குப் போகாது. கிழமைக்கு ஒருமுறை வினாகிரி கலந்த தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஊறவைத்தால் போய்விடும். கறக்க முன் கிருமி நீக்க ஒரு லீட்டர் தண்ணீருக்கு 5 வீத ப்ளீச் இரண்டு முதல் நாலு மில்லிலீட்டர் போதும், அதற்கு மேல் போனால் சில்வருக்கும் கேடு. வினாகிரியையும் ப்ளீச்சையும் ஒரே நேரத்தில் பாவிக்காதீர்கள், நச்சு வாயு வரும். குழாய்த் தண்ணீர் உள்ளவர்கள் கடைசி அலசலை அதில் செய்யுங்கள்.

குளிரவைக்க விசேட சாமான் ஒன்றும் வேண்டாம். மடியிலிருந்து வரும்போது பால் 38, 39 பாகை சூட்டில் இருக்கும், எங்கள் ஊர் மத்தியானக் காற்றே அதற்குக் கிட்ட வரும், தானாக ஆறும் என்று விட்டால் ஆறாது. முதல் நாள் இரவு ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி உறையவையுங்கள். தூக்குச்சட்டியை ஒரு பேசினில் வைத்து, சுற்றித் தண்ணீர் விட்டு, உறைந்த போத்தலைத் தண்ணீரில் போட்டு, பாலை இடைக்கிடை கலக்கிவிட்டால் ஒரு லீட்டர் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பிறகு பிரிஜ். சூடான பாலை நேரே பிரிஜ்ஜில் வைத்தால் நடுப்பால் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். பிரிஜ் இல்லாதவர்கள் கறந்த கையோடு காய்ச்சிவிடுங்கள். பிரிஜ் இருந்தாலும் குடிக்க முன் காய்ச்சத்தான் வேண்டும், பச்சையாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சமையலறைத் தராசும் ஒரு கொப்பியும். விலையைப் பார்த்தால் இதுதான் பட்டியலில் குறைந்த சாமான், பலனைப் பார்த்தால் மேடைக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு ஆட்டின் பாலையும் நிறுத்து எழுதுங்கள், முடிந்தால் இரண்டு காம்பையும் தனித்தனியாக. குட்டியை இரவில் பிரித்துக் கட்டி விடிய மட்டும் கறப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் பால் குறைந்துகொண்டே போனால், மடி வீங்க முன்பே கொப்பி காட்டிவிடும், மிருக வைத்தியரிடம் போகும்போது "கொஞ்ச நாளாகக் குறைவு" என்று சொல்வதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம். ஊசி போட்டாலோ மடிக்குள் மருந்து ஏற்றினாலோ அந்தத் திகதியையும், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று அவர் சொன்னதையும் அதே பக்கத்தில் எழுதி, கொப்பியை மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யார் கறக்கப் போனாலும் கண்ணில் படும்.